யார் நிறுத்தச் சொல்வது?

தோற்றுக்கொண்டிருப்பது கண்ணெதிரே தெரிந்தும் கைவிட முடியவில்லை. விவசாயிக்கும் இதே பாடு, விமான நிறுவனத்துக்கும் இதே பாடு. ஏன்?

கோடை ராத்திரியில் பல்லடம், காங்கேயம், அவிநாசிப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. தூரத்துத் தோட்டத்தில் பெரிய லைட் எரியும். காதைப் பிளக்கும் இரைச்சல் ரோடு வரைக்கும் கேட்கும். திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி ஒன்று வந்து நிற்கிறது. பக்கத்தில் ராடு ஏற்றிய லாரி. துளையிலிருந்து வெள்ளையாக எழும்பித் தென்னை மட்டைகளில் படிவது புகையல்ல, பாறைத் தூள். தூள் உலர்ந்து பறக்கிற வரைக்கும் தண்ணீர் படவில்லை என்று அர்த்தம்.

தோட்டக்காரர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். அறுநூறு அடி என்று பேசித்தான் வண்டியைக் கூப்பிட்டார். இப்போது எண்ணூறு ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டு நகையை வைத்து வாங்கிய பணம் அறுநூறோடு முடிந்துபோனது. அதற்குப் பிறகு இறங்குகிற ஒவ்வொரு ராடும் கடன்.

"இன்னொரு நூறடி போய்ப் பாத்தரலாமுங்க" என்கிறார் வண்டியோடு வந்த மேனேஜர். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி வந்து இந்த இடத்தைக் காட்டியவர், "ஆயிரத்துக்குள்ள கண்டிப்பா இருக்குதுங்க" என்கிறார். மச்சினன் பக்கத்துத் தோட்டத்துக் கதையை எடுக்கிறான். அங்கே தொள்ளாயிரத்து ஐம்பதில்தான் தண்ணீர் பட்டதாம். "இத்தன செலவு பண்ணீட்டு இப்ப நிறுத்துனா அத்தனையும் வீணுங்க மாமா."

அந்தக் கடைசி வாக்கியம்தான் இந்தக் கட்டுரையின் விஷயம். அதைச் சொன்னவன் கெட்டவன் இல்லை; மாமாவின் மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறான். ஆனால் அந்தத் தோட்டத்தில் நிற்கிறவர்களை ஒவ்வொருவராகப் பாருங்கள். மேனேஜருக்கு அடிக் கணக்கில் கூலி. ஆழம் கூடக் கூட அடிக்கான ரேட்டும் கூடும். நீரோட்டம் பார்த்தவருக்கு எண்ணூறில் நிறுத்தினால் பெயர் கெடும். ஆயிரம் வரை போனால் இன்னும் கொஞ்ச நேரம் பெயர் நிற்கும். மச்சினனுக்கு நம்பிக்கை சொல்லவேண்டிய கடமை. நிறுத்தச் சொல்ல அங்கே ஒருவருக்கும் காரணம் இல்லை. காரணம் உள்ள ஒரே ஆள் கட்டிலில் உட்கார்ந்திருப்பவர். அவரோ, நிறுத்தினால் இதுவரை எடுத்த முடிவெல்லாம் தப்பு என்று ஊர் முன்னால் ஒப்புக்கொள்ளவேண்டிய ஆள்.

போட்ட பணத்தின் பிடி

இதைப் பற்றி அரை நூற்றாண்டாக ஆராய்ச்சி நடக்கிறது. 1976ல் அமெரிக்க ஆய்வாளர் பேரி ஸ்டா, வணிகவியல் மாணவர்களை ஒரு கற்பனைக் கம்பெனியின் நிதி அதிகாரியாக உட்காரவைத்தார். கம்பெனிக்கு இரண்டு பிரிவுகள். ஆராய்ச்சிப் பணத்தை எந்தப் பிரிவுக்குத் தருவது என்று சிலர் தாங்களே தீர்மானித்தார்கள். சிலருக்கு, முன்பிருந்த அதிகாரி அதைத் தீர்மானித்துவிட்டுப் போய்விட்டதாகச் சொல்லப்பட்டது. சில வருடம் கழித்து அந்தப் பிரிவு நஷ்டத்தில் இருப்பதாகக் கணக்கு காட்டி, இன்னும் 2 கோடி டாலர் இருக்கிறது, எப்படிப் பிரிப்பீர்கள் என்று கேட்டார். தாங்களே தேர்ந்தெடுத்த பிரிவு தோற்றிருந்தால், மாணவர்கள் அதற்குச் சராசரியாக 1.3 கோடி டாலர் கொடுத்தார்கள். மற்றவர்கள் கொடுத்தது 1 கோடிக்கும் குறைவு. தோற்ற இடத்துக்குத்தான் அதிகப் பணம் போனது. அதுவும் அதைத் தேர்ந்தெடுத்தவர் கையாலேயே போனது.

மனித மனம் நஷ்டத்தை லாபத்தைவிடப் பெரிதாகப் பார்க்கிறது என்று டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979ல் எழுதினார்கள். நிறுத்தும் வரைக்கும் நஷ்டம் வெறும் சாத்தியம். நிறுத்திய நிமிடத்தில் அது உறுதியான நஷ்டம். அந்த ஒரு நிமிடத்தைத் தள்ளிப்போட மனிதர் எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிப்பார்.

ஆனால் மனசின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டுப் போவது விவசாயிக்குச் செய்கிற அநியாயம். அவர் கணக்குத் தெரியாதவர் அல்ல. எண்ணூறு அடியில் நிறுத்தினால் பணம் மட்டுமா போகும்? முப்பது வருடத் தென்னை போகும். ஒரு தென்னை காய்ந்தால் அடுத்த கன்று காய்க்க எத்தனை வருடம் ஆகும் என்பது அவருக்குத் தெரியும். அதற்குள் பிள்ளையின் காலேஜ் ஃபீஸ் எங்கிருந்து வரும் என்பதுதான் தெரியாது. நிறுத்திவிட்டு இறங்கி நிற்க ஓர் இடம் இல்லாதவரைப் பார்த்து, ‘ஏன் நிறுத்தவில்லை’ என்று கேட்பதில் அர்த்தமில்லை.

பாறைக்குள் என்ன இருக்கிறது?

தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடினப் பாறை. கொங்கு மண்டலம் முழுக்க அப்படித்தான். இங்கே தண்ணீர் மணலில் ஊறி நிற்பதில்லை. மேலே சிதைந்த பாறையிலும், கீழே ஆங்காங்கே உள்ள வெடிப்புகளிலும் மட்டுமே நிற்கும். ஆழம் போகப் போக மேலிருக்கும் பாறையின் பாரத்தில் வெடிப்புகள் குறையும், இறுகும். ஆயிரம் அடியில் தண்ணீர் பட்டவர்களும் உண்டு. ஆனால் அறுநூறில் இல்லாதது ஆயிரத்தில் இருக்கும் என்பதற்குப் பாறையில் எந்த உத்தரவாதமும் கிடையாது. பக்கத்துத் தோட்டக்காரருக்குக் கிடைத்தது அவர் துளை ஒரு வெடிப்பைத் தொட்டதால். அதே வெடிப்பிலிருந்து இருவரும் எடுத்தால் இருவருக்கும் சீக்கிரம் தீரும்.

1990 முதல் தமிழ்நாட்டில் விவசாயிகள் அனைவருக்கும் மின்சாரம் இலவசம். எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றிய திட்டம் அது. அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஆயிரம் அடியிலிருந்து தண்ணீரை மேலே இழுக்க எவ்வளவு செலவாகிறது என்பது விவசாயியின் கண்ணுக்குத் தெரியாமல் போனதும் அதனால்தான். கரன்ட் பில் சொல்லியிருக்க வேண்டிய ‘போதும்’ என்ற வார்த்தையைச் சொல்ல ஆளில்லாமல் போனது.

---
நிலத்தடி நீர்: சில எண்கள்

• 2017 மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டின் 1,166 குறுவட்டங்களில் (பிர்கா) 462 அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டவை. 79 அபாய நிலை, 163 பாதி அபாய நிலை. பாதுகாப்பானவை 427. மீதி 35 உவர்நீர்ப் பகுதிகள்.

• நிலத்தடி நீரை முறைப்படுத்தத் தமிழ்நாடு 2003ல் ஒரு சட்டம் இயற்றியது. அது நடைமுறைக்கே வராமல் 2013ல் திரும்பப் பெறப்பட்டது.

• கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளை மூடுவது பற்றி உச்ச நீதிமன்றம் 2010ல் வழிகாட்டு நெறிகளை வகுத்தது.
---

பொய்த்துப்போன போர் அதோடு முடிவதில்லை. போட்ட பணத்தில் கொஞ்சமாவது மிஞ்சட்டும் என்று கேசிங் பைப்பை உருவி அடுத்த போருக்கு எடுத்துவைப்பார்கள், அல்லது விற்பார்கள். மூடாத துளை அப்படியே கிடக்கும். மேலே ஒரு சாக்கு, ஒரு கல். மழையில் சாக்கு மட்கும். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே கைவிடப்பட்ட ஒரு துளையில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்ததும், பக்கத்தில் இன்னொரு குழி தோண்ட வந்த இயந்திரங்கள் பாறையில் திணறியதும், நாடே தீபாவளியை மறந்து டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்ததும் யாருக்கும் மறந்திருக்காது. குழந்தையை உயிரோடு மீட்க முடியவில்லை. தோல்வியை முறையாக முடித்துவைக்கவும் பணம் வேண்டும், நேரம் வேண்டும், அதை ஒரு வேலையாக மதிக்கிற மனசு வேண்டும். ஒரு துளையை மண் போட்டு மூடி, மேலே கான்கிரீட் போடுவதற்கு ஆகும் செலவு, கடைசி நூறு அடிக்குக் கொடுத்த பணத்தில் சிறு பகுதிதான்.

மகாராஜாவை விற்க யாருக்குத் தைரியம்?

ஒரு தோட்டத்தில் நடப்பதுதான் ஓர் அரசாங்கத்திலும் நடக்கிறது. ஒரே வித்தியாசம், அங்கே கடனாளி நாம் எல்லோரும்.

‘மகாராஜா’வைச் சின்னமாகக் கொண்ட ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் 2007ல் இணைந்தன. அதற்குப் பிறகு அரசின் கையில் இருந்தவரை அந்த நிறுவனம் ஒரு வருடம்கூட நிகர லாபம் பார்க்கவில்லை. 2012ல் மீட்புத் திட்டம் வந்தது: 2021 வரை தவணையாக 30,231 கோடி ரூபாய். அந்தப் பணம் போய்க்கொண்டே இருந்தது, நஷ்டமும் வந்துகொண்டே இருந்தது. 2018ல் 76 சதவீதப் பங்கை விற்க முன்வந்தபோது ஒருவர்கூட விலை கேட்டு வரவில்லை. மிச்சப் பங்கை அரசு வைத்துக்கொள்ளும் என்றால் யார் வருவார்கள்? பாதி கைவிடுவதும் கைவிடாததே.

ஏன் இத்தனை வருடம்? ஒரு மந்திரியின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். விற்றால், ‘நாட்டின் சொத்தை அடிமாட்டு விலைக்கு விற்றவர்’ என்ற பெயர் அவருக்கு மட்டும் வரும். விற்காவிட்டால், நஷ்டம் முன்பிருந்தவர், பின்னால் வருகிறவர், கச்சா எண்ணெய் விலை, கொரோனா என்று எல்லோர் தலையிலும் பகிர்ந்துபோகும். தொடர்வதற்குக் கையெழுத்து தேவையில்லை. நிறுத்துவதற்குத்தான் ஒரு பெயரும் ஒரு கையெழுத்தும் ஒரு தேதியும் வேண்டும்.

---
ஏர் இந்தியா: கடைசிக் கணக்கு

• 2009-10 முதல் அரசு கொடுத்தது, ரொக்கமும் உத்தரவாதமுமாகச் சுமார் 1.10 லட்சம் கோடி ரூபாய்.

• விற்பனைக் காலத்தில் அரசே சொன்ன நஷ்டம்: ஒரு நாளைக்குச் சுமார் 20 கோடி ரூபாய்.

• 2021 ஆகஸ்ட் முடிவில் கடன் 61,562 கோடி. டாடா குழுமம் தர முன்வந்த விலை 18,000 கோடி: அதில் 15,300 கோடி கடனை ஏற்பது, 2,700 கோடி ரொக்கம்.

• மீதிக் கடன் 46,262 கோடியை அரசு நிறுவனம் ஒன்று சுமந்தது.

• கைமாறியது 2022 ஜனவரி 27. முதல் ஒரு வருடம் யாரையும் வேலையை விட்டு அனுப்பக் கூடாது என்பது நிபந்தனை.
---

கடைசி வரியில் உள்ள நிபந்தனையை நான் முக்கியமாக நினைக்கிறேன். நிறுவனத்தில் வேலை பார்த்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு இறங்கி நிற்க ஓர் ஆண்டு இடம் கிடைத்தது. அந்த இடத்தைக் கொடுத்த பிறகுதான் விற்பனையைப் பேசி முடிக்க முடிந்தது.

தனியார் நிறுவனமாக இருந்தால் இப்படி நடக்காது என்பவர்கள் டாடாவின் நானோ காரை நினைத்துப்பார்க்கலாம். 2008 ஜனவரியில் டெல்லி வாகனக் கண்காட்சியில் ஒரு லட்ச ரூபாய் கார் என்று அது அறிமுகமானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ஒரு ஸ்கூட்டரில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என மழையில் நனைந்து போகும் குடும்பத்தைப் பார்த்து வந்த யோசனை அது. நல்ல எண்ணத்தில் பிறந்த திட்டங்களைக் கைவிடுவது இன்னும் கஷ்டம். குஜராத்தின் சனந்த் தொழிற்சாலையில் வருடத்துக்கு இரண்டரை லட்சம் கார் செய்ய வசதி இருந்தது. மிக நன்றாக விற்ற வருடத்தில்கூட முக்கால் லட்சத்தைத் தாண்டவில்லை. 2016 அக்டோபரில் டாடா சன்ஸ் தலைவர் பதவியிலிருந்து நீக்கப்பட்ட மறுநாள் சைரஸ் மிஸ்திரி எழுதிய கடிதத்தில், நானோவின் நஷ்டம் உச்சத்தில் 1,000 கோடியைத் தொட்டது, உணர்ச்சி காரணமாகத்தான் அதை மூடவில்லை என்று குறிப்பிட்டார். அந்தக் கடிதத்தின் குற்றச்சாட்டுகளை டாடா சன்ஸ் மறுத்தது. 2018 ஜூன் மாதம் முழுக்க ஒரே ஒரு நானோ தயாரானது என்பது மறுக்க முடியாத கணக்கு.

வெளியே வரும் வழியை முதலிலேயே அடைத்துவிட்டுத் தொடங்கிய வேலைக்கு உதாரணம் கான்கார்டு. ஒலியைவிட வேகமாகப் பறக்கும் பயணிகள் விமானம் செய்ய பிரிட்டனும் பிரான்ஸும் 1962 நவம்பரில் போட்ட ஒப்பந்தத்தில், விலகுவதற்கு ஒரு ஷரத்தே இல்லை. ஒருவர் விட்டுவிட்டுப் போய்விடுவாரோ என்று இருவருக்கும் பயம். அதனால் கதவே வைக்கவில்லை. 1964ல் பிரிட்டனில் புதிதாக வந்த அரசு, செலவைப் பார்த்து விலக நினைத்தது, ஒப்பந்தம் விடவில்லை. மொத்தம் 20 விமானங்கள் செய்தார்கள், பயணிகளோடு பறந்தவை 14. 2003ல் ஓய்ந்தது. பறந்த அழகைப் பார்த்தவர்கள் இன்றும் மெய்சிலிர்த்துப் பேசுகிறார்கள். கட்டிய செலவு இரண்டு நாட்டு மக்களின் வரியில் கரைந்தது.

பழைய கடனுக்குப் புதிய கடன்

இந்த நோய் யாருக்கும் தெரியாமல் வளரும் இடம் வங்கி. ஒரு கம்பெனிக்குக் கொடுத்த பெரிய கடன் திரும்பி வரவில்லை. வாராக்கடன் என்று எழுதினால் லாபம் குறையும், பங்கு விலை விழும், கடன் கொடுத்த அதிகாரியிடம் கேள்வி வரும். அதே கம்பெனிக்கு இன்னொரு கடன் கொடுத்தால், அந்தப் பணத்தில் பழைய தவணையைக் கட்டிவிடும். பேரேட்டில் எல்லாம் பச்சையாகத் தெரியும். கிராமத்தில் நகைக் கடனுக்கு வட்டியை மட்டும் கட்டி ‘திருப்பி வைக்கிற’ அதே காரியம். சைபர்கள் மட்டும் அதிகம்.

2015ல் ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கி கவர்னராக இருந்தபோது வங்கிகளின் கடன் புத்தகங்களை நேரடியாகச் சோதிக்க உத்தரவிட்டார். மூடிவைத்தது வெளியே வந்தது. மொத்த வாராக்கடன் 2018 மார்ச்சில், கொடுத்த கடனில் 11 சதவீதத்தைத் தாண்டியது. அந்தச் சோதனை வாராக்கடனை உண்டாக்கியதாகச் சொன்னவர்களும் இருந்தார்கள். எக்ஸ்ரே எடுத்ததால் எலும்பு முறிவதில்லை. பொதுத்துறை வங்கிகளை நிமிர்த்த அரசு பிறகு கொடுத்த பணம் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போயிருக்க வேண்டிய பணம்.

கலிஃபோர்னியாவின் 132 வங்கிகளை ஒன்பது ஆண்டுக் கணக்கில் ஆராய்ந்த ஓர் ஆய்வு 1997ல் வெளியானது; பேரி ஸ்டாவும் அதில் ஒருவர். உயரதிகாரிகள் மாறிய வங்கிகள்தான் வாராக்கடனை ஒப்புக்கொண்டு கணக்கில் எழுதின. கடனைக் கொடுத்தவர் நாற்காலியில் இருக்கும்வரை அது ‘வந்துவிடும்’ கடன். புதிதாக வந்தவருக்கு அது வெறும் எண்.

இன்டெல் நிறுவனம் இதைத் தன் தலைவர்களை மாற்றாமலே செய்தது. மெமரி சிப்பில் தொடங்கி வளர்ந்த கம்பெனி அது. 1980களில் ஜப்பானியக் கம்பெனிகள் அதே சிப்பை மலிவாகவும் தரமாகவும் கொடுக்க, நஷ்டம் ஏறியது. 1985ல் ஒருநாள் ஆண்ட்ரூ குரோவ் தன் தலைவர் கார்டன் மூரிடம் கேட்டார்: நம்மை நீக்கிவிட்டு வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார்? மெமரியை விட்டுவிடுவார் என்றார் மூர். அப்படியானால் நாமே வெளியே போய்த் திரும்பி வந்து அதைச் செய்தால் என்ன என்று கேட்டார் குரோவ். செய்தார்கள். சுலபமாக இல்லை. தொழிற்சாலைகள் மூடின, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர், 1986ல் 17 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். மிஞ்சிய பணமும் ஆட்களும் மைக்ரோபிராசஸருக்குப் போயின. அடுத்த இருபது வருடக் கணினி உலகம் அதன் மேல்தான் நின்றது.

கோட்டூர்புரத்துக் காலை

இதுவரை சொன்னதெல்லாம் பணம். இனிச் சொல்வது வயது. வயதைக் கடனாக வாங்க முடியாது.

சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்பதற்கென்று ஒரு பகுதி உண்டு. காலையில் கதவு திறப்பதற்கு முன்பே அரசு வேலைத் தேர்வுக்குப் படிப்பவர்களின் வரிசை நிற்கும். பையில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரைக்குமான பள்ளிப் பாடப்புத்தகங்கள், தண்ணீர் பாட்டில், மத்தியானத்துக்கு டிபன் பாக்ஸ். சமூக அறிவியல் புத்தகத்தின் ஓரங்கள் சுருண்டு, பக்கம் பக்கமாக மூன்று நிறத்தில் கோடு போட்டிருக்கும். ஒவ்வொரு நிறமும் ஒரு அட்டெம்ப்ட். புத்தகத்தைப் பார்த்தாலே எத்தனை வருடம் என்று சொல்லிவிடலாம்.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (டிஎன்பிஎஸ்சி) 2024 குரூப்-4 தேர்வுக்கு 6,244 இடங்கள் என்று அறிவிப்பு வந்தது. பிறகு இடங்கள் 9,000ஐத் தாண்டின. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். இதில் தோற்பவர் எவரும் திறமை இல்லாததால் தோற்கவில்லை. இடம் இல்லாததால் தோற்கிறார். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. ஆனால் தேர்வு முடிவு அப்படிச் சொல்வதில்லை. ‘மூணு கேள்வியில போயிடுச்சு’ என்கிறது. ஒரு கேள்விக்கு ஒன்றரை மார்க். மூன்று கேள்வி என்றால் நாலரை. நாலரை மார்க்குக்காகவா ஒரு வருடத்தை விடுவது? இன்னொரு வருடம் படித்தால் வராதா? தொள்ளாயிரத்து ஐம்பதில் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குத் தண்ணீர் பட்ட கதை செய்த வேலையைத்தான் இந்த ‘மூணு கேள்வி’ செய்கிறது. கட்-ஆஃபைச் சுற்றி ஒவ்வொரு மார்க்கிலும் ஆயிரக்கணக்கானோர் நிற்கிறார்கள் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றாது.

இங்கேயும் சுற்றி நிற்பவர்களைப் பாருங்கள். கோச்சிங் சென்டருக்கு அடுத்த பேட்ச் ஆரம்பிக்கிறது. ஜெயித்தவர்களின் படம் போட்ட பேனர் வாசலில் இருக்கிறது. வராதவர்களின் படத்துக்கு எந்த ஊரிலும் பேனர் இல்லை. அப்பா, “நீ படிப்பா, நான் பாத்துக்கறேன்” என்கிறார். அதற்குமேல் அவரால் என்ன சொல்ல முடியும்? கூடப் படிக்கிறவர்கள் நிறுத்தச் சொன்னால் தங்களுக்கே சொல்லிக்கொண்டதாகிவிடும். கடைசியில் ‘போதும்’ என்று சொல்வது பெரும்பாலும் கல்யாணம், அல்லது அப்பாவின் உடல்நிலை. பெண் பிள்ளைக்கு முன்னதும் ஆண் பிள்ளைக்குப் பின்னதும் சொல்லும். அதற்குள் இருபத்தாறு முப்பத்திரண்டாகியிருக்கும். தனியார் கம்பெனிக்குப் போனால், ‘நடுவில் ஆறு வருடம் என்ன செய்தீர்கள்?’ என்ற கேள்விக்குக் காட்ட ஒரு சர்டிபிகேட் இருக்காது. ஆறு வருடம் தினமும் பத்து மணி நேரம் உட்கார்ந்து படித்த ஆளிடம் காட்ட ஒன்றும் இல்லை என்பது எவ்வளவு கொடுமை!

மத்தியப் பணியாளர் தேர்வாணையம் (யூபிஎஸ்சி) நடத்தும் குடிமைப் பணித் தேர்வில் ஒரு சுவர் உண்டு. பொதுப் பிரிவுக்கு 6 முறை, 32 வயது. பிற்படுத்தப்பட்டோருக்கு 9 முறை, 35 வயது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 37 வயது வரை எண்ணிக்கை வரம்பில்லை. டிஎன்பிஎஸ்சியில் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். சுவர் கொடுமையாகத் தெரியும். ஆனால் நிறுத்தும் பொறுப்பை ஒரு தனி மனிதனின் தலையிலிருந்து இறக்கிவைப்பதும் அந்தச் சுவர்தான். அது இல்லாத இடத்தில் குடும்பமே ஒரு சுவரை எழுப்பிக்கொள்ள வேண்டும். முதல் ஃபீஸ் கட்டுவதற்கு முன்னால், எல்லோரும் சந்தோஷமாக இருக்கும்போதே, எத்தனை முறை, எந்த வயது வரை, அதற்குப் பிறகு என்ன என்று பேசி முடித்துவிட வேண்டும். ரிசல்ட் வந்த மறுநாள் பேசுகிற பேச்சு அல்ல இது. அன்றைக்கு எல்லோரும் காயத்தோடு இருப்பார்கள்.

விடாமுயற்சி என்பது எது?

அப்படியானால் முயற்சி வீணா? மகேந்திரகிரியைக் கேட்டுப்பாருங்கள்.

கிரையோஜெனிக் இன்ஜின் தொழில்நுட்பம் தருவதாக இருந்த ரஷ்யா, அமெரிக்காவின் நெருக்கடியால் 1993ல் பின்வாங்கியது. 1994ல் இஸ்ரோ சொந்தமாகச் செய்யத் தொடங்கியது. திருநெல்வேலிச் சீமையின் மகேந்திரகிரியில் சோதனைக்கு மேல் சோதனை. 2010 ஏப்ரல் 15 அன்று அந்த இன்ஜினோடு முதல்முறை ஏவியபோது, எரிபொருள் பூஸ்டர் பம்ப் நின்றுபோய் ராக்கெட் கடலில் விழுந்தது. பதினாறு வருட உழைப்பு. வெளியிலிருந்து பார்த்தால் இதுவும் எண்ணூறு அடியில் வரும் உலர்ந்த தூள்தான்.

வித்தியாசம் எங்கே? தோல்விக்குப் பிறகு அவர்கள் அதே துளையில் இன்னொரு ராடு இறக்கவில்லை. எந்த இடத்தில் எந்த நொடியில் என்ன நின்றது என்று ஒரு குழு கண்டுபிடித்தது. பம்ப் மாற்றி வடிவமைக்கப்பட்டது. மீண்டும் தரைச் சோதனை. ஒவ்வொரு செலவும் ஒரு கேள்விக்குப் பதில் வாங்கி வந்தது. இன்னும் ஒன்று. 2013 ஆகஸ்ட் 19 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் கவுன்ட்டவுன் ஓடிக்கொண்டிருந்தது. புறப்பட 74 நிமிடம் இருக்கும்போது இரண்டாம் கட்டத்தில் எரிபொருள் கசிவது தெரிந்தது. நாடே பார்த்துக்கொண்டிருந்தது, அத்தனை வருடக் காத்திருப்பு, பழைய தோல்வியின் கறை. நிறுத்தினார்கள். அந்தக் கட்டத்தைக் கழற்றி, தொட்டியின் உலோகக் கலவையையே மாற்றிப் புதிதாகச் செய்தார்கள். 2014 ஜனவரி 5 அன்று இன்ஜின் வேலை செய்தது. அந்த 74 நிமிடத்தில் நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பது முன்பே எழுதப்பட்டிருந்தது. அவர் சொன்னபோது யாரும் அவரைக் கோழை என்று சொல்லவில்லை.

நம் பள்ளிக்கூடச் சுவர்களில் திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்திலிருந்து ஒரு குறளாவது எழுதியிருக்கும். முயற்சியைப் போற்றும் அதிகாரம், எழுதவேண்டியதுதான். அதே பொருட்பாலில் ‘தெரிந்துசெயல்வகை’ என்று இன்னோர் அதிகாரம் இருக்கிறது. வரப்போகும் லாபத்தை எண்ணிக் கைமுதலை இழக்கிற காரியத்தில் அறிவுள்ளவர்கள் இறங்கமாட்டார்கள் என்பதும் வள்ளுவர் சொன்னதுதான். அதைச் சுவரில் எழுதி நான் பார்த்ததில்லை. பிள்ளைகளுக்கு ஓடச் சொல்லிக்கொடுக்கிறோம். எங்கே நிற்பது என்று சொல்லிக்கொடுப்பதில்லை.

செய்யக்கூடியவை சில உண்டு. கிராமங்களில் கிணறு தோண்ட ஊராட்சியிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று 2015 முதல் விதி இருக்கிறது. அந்த அனுமதியிலேயே, எத்தனை அடியோடு நிறுத்துவது என்பதையும், பொய்த்தால் துளையை மூடும் செலவு யாருடையது என்பதையும் எழுதி வாங்கலாம். வண்டி வருவதற்கு முன் பகலில் எழுதிய எண், ராத்திரியில் மச்சினனுக்குப் பதிலாகப் பேசும். தென்னையை விட்டு வேறு பயிருக்குப் போகிறவருக்கு இடைப்பட்ட வருடங்களைத் தாங்க உதவி இல்லாமல், ஆழத்துக்கு மட்டும் வரம்பு போட்டால் அது தண்டனையாகத்தான் முடியும். இரண்டும் சேர்ந்தே வரவேண்டும். அரசுத் திட்டங்களுக்கும் இதே விதி: திட்டத்தைத் தொடங்கிவைத்தவர் அல்லாத ஒருவர், முன்பே குறித்த தேதியில், முன்பே குறித்த அளவுகோலால் அளந்து சொல்லட்டும்.

தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு ஒரு கதவு ஏற்கெனவே டெல்லியில் திறந்திருக்கிறது. எழுத்துத் தேர்வுகள் எல்லாவற்றையும் தாண்டி நேர்முகம் வரை போய், கடைசிப் பட்டியலில் இடம் கிடைக்காதவர்களின் விவரத்தை, அவர்கள் சம்மதித்தால், வேலை கொடுக்கும் நிறுவனங்களுக்குத் தர யூபிஎஸ்சி 2018ல் ஏற்பாடு செய்தது. ‘பிரதிபா சேது’ என்று இப்போது அதற்குப் பெயர். குரூப்-1, குரூப்-2 தேர்வுகளில் முதன்மைத் தேர்வு வரை போய்த் திரும்பியவர்களின் பட்டியல் டிஎன்பிஎஸ்சியிடம் வருடா வருடம் சேர்கிறது. கூட்டுறவு சங்கங்கள், தனியார் வங்கிகள், தொழிற்சாலைகளின் கணக்குப் பிரிவு, பள்ளி நிர்வாகம் என்று அவர்களைப் போன்ற ஆட்களைத் தேடும் இடங்கள் எத்தனையோ உள்ளன. சம்மதிப்பவர்களின் பெயரையும் மதிப்பெண்ணையும் அந்த இடங்களுக்குக் கொண்டுபோக ஓர் இணையப் பக்கமும் ஓர் அரசாணையும் போதும்.